பிளேட்டா, கியரா

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து விடாத தூறல். ஆபீசுக்கு வாடகைக் கார். அபிராமபுரத்திலிருந்து பெருங்குடி போவதற்குள், டிரைவர் பிரேக் போடாத இடத்திலெல்லாம் என் வலது கால் போட்டது. ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து இப்படித்தான். வலிப்பு மறுபடி வராமல் ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். வந்தது ஒரே ஒரு தடவை, ஜனவரிக் கடைசியில். ஒன்றுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

பிப்ரவரியில் ரேஸ் டிராக்கில் ஓட்ட ஒரு நாள் தருகிறார்கள். அதற்குள் வருஷம் முடிந்துவிடும். வண்டியும் முடிய வேண்டும். பழைய வண்டி, பின்சக்கரம் தள்ளுகிற ரகம். அசோக் நகரில் மெக்கானிக் சேகரின் ஷெட்டில் கிடக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்தே கூட இருப்பவன் என்பதால் இத்தனை மாதம் இடம் கொடுத்திருக்கிறான். இன்ஜின் ஆயிற்று. பாக்கி, இரண்டு பின்சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரென்ஷியல்.

வாங்க: இரவு மாத்திரை, குடை, முருங்கைக்காய்.

நவம்பர் 6, வியாழன்

மழை. மனைவி வித்யாவும் நானும் மந்தைவெளி போனோம். மெட்ரோவுக்குத் தோண்டிய சேற்றில் வாடகைக் கார் மாட்டியது. சேற்றிலிருந்த சக்கரம் சும்மா சுற்றுகிறது, கெட்டித் தரையிலிருந்தது அசையவே இல்லை. சாதாரண டிஃபரென்ஷியல் இப்படித்தான், வழுக்குகிற சக்கரத்துக்கே எல்லாவற்றையும் கொடுத்து ஏமாறும், வழுக்காமல் பிடிக்கிற டிஃபரென்ஷியலில் மூன்று வகை உண்டு என்று வித்யாவிடம் ஆரம்பித்தேன். இறங்கித் தள்ளச் சொன்னாள்.

தள்ளினேன். பேன்ட் வீண்.

நவம்பர் 8, சனி

அந்த மூன்று வகை. கேட்க ஆளில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

பிளேட் டைப்: உள்ளே தகடுகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும். உடும்புப்பிடி. ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் விடாது. மெதுவாகத் திருப்பினால் கடகடவென்று சத்தம். தகடு தேயும், ஆயில் அடிக்கடி மாற்ற வேண்டும். ஈரத்தில் அவசரப்பட்டு மிதித்தால் பின்பக்கம் சட்டென்று விலகும். கை பழகியவனுக்கு மட்டும்.

கியர் டைப்: வெறும் பற்சக்கரங்கள். சத்தமில்லை, தேய்மானம் இல்லாத மாதிரிதான். பதமாகப் பிடிக்கும். ஒரு சக்கரம் அந்தரத்துக்குப் போனால் மட்டும் கைவிட்டுவிடும். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். எனக்கு எதற்கு?

விஸ்கஸ்: கெட்டித் திரவம் சூடாகிப் பிடிப்பதற்குள் வளைவே முடிந்துவிடும். வேண்டாம்.

ஆக, பிளேட். சேகருக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"மூணும் நல்ல அய்ட்டம்தான் மச்சி. ஓட்டப்போறது யாரு, அத்த மட்டும் சொல்லு."

நான்தான்டா என்றேன். இழுத்து, சரி என்றான். அந்தச் சரி எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

நல்ல வெயில். துணி காய்ந்தது.

போட்டு முடித்ததும் சரிபார்க்க, சேகர் சொன்னது: லிஃப்டில் தூக்கி, நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தைக் கையால் திருப்ப வேண்டும். பிளேட் என்றால் மற்றதும் அதே பக்கம் சுற்றும். கியர் என்றால் எதிர்ப்பக்கம்.

லைசென்ஸ் எடுத்த பிறகு ஸ்டியரிங்கைத் தொடாத வித்யா டிரைவிங் கிளாஸ் போகிறாளாம். பால்காரர் சொல்லித் தெரிகிறது. நான் கேட்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து நினைவில் இருப்பது பாத்ரூம் தரை, வித்யாவின் மடி, நாக்கில் ரத்தம். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மாத்திரை ஒரு வேளைகூட விட்டதில்லை. தூக்கம் கெடவில்லை. டாக்டரிடம் பிப்ரவரி என்று இழுத்தேன். வருஷக் கணக்கு இனி முதலிலிருந்து என்றார். அதுவும் இன்னொன்று வராவிட்டால்.

பயமாக இருக்கிறது. என்னைக் கேட்காமல் வருகிறது, என்னைக் கேட்காமல் போகிறது. நான் என்னதான் செய்வது?

சேகருக்குச் சொல்லாதே என்றேன். தலையாட்டினாள்.

நவம்பர் 17, திங்கள்

லீவு. உடம்பெல்லாம் வலி. பிளேட் வந்ததா என்று சேகருக்கு மெசேஜ். ரொம்ப நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.

நவம்பர் 22, சனி

மழை விட்டிருந்தது. வீட்டுக் காரில் அசோக் நகர் போனோம். வித்யா ஓட்டினாள். தி. நகர் நெரிசலில் ஒரு இடத்தில்கூட இன்ஜின் அணைந்துபோக விடவில்லை. என் கால் மட்டும் வழியெல்லாம் பிரேக் தேடியது.

வண்டி லிஃப்டில் இருந்தது. வேலை முடிந்துவிட்டது என்றான் சேகர், என் முகத்தைப் பார்க்காமல். நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். வலது சக்கரத்தைத் திருப்பினேன்.

இடது எதிர்ப்பக்கம் சுற்றியது.

மறுபடி திருப்பினேன். எதிர்ப்பக்கம்தான். கியர்.

துடைத்த கையையே சேகர் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். "சிஸ்டர் ஓட்டறதுக்கு இதான் மச்சி கரீட்டு" என்றான்.

வித்யாவைப் பார்த்தேன். "பிப்ரவரிக்கு நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சக்கரம் சத்தமே இல்லாமல், வெண்ணெய் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. குறை சொல்ல ஒன்றுமே அகப்படவில்லை. இன்னொரு தடவை திருப்பினேன்.