அப்பாவுக்குக் கேட்காத விசில்

இயேசு மரி சூசை துணை

கிள்ளான்,
ஜூன் 14, சனிக்கிழமை

அன்பு மகள் விவியனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், காது சுகத்தைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு சைக்கிள் ஓட்டாமல் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். வாட்சப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். இந்த விஷயத்தை உன்னிடம் சொல்லச் சொன்னதே அப்பாதான், ஆனால் சுருக்கமாகச் சொல்லு என்றார், போனில் சொன்னால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு வரிக்கு வரி திருத்துவார். எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது என்று உனக்கே தெரியும். ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தானே, எழுத்துக்கூட்டியாவது முழுக்கப் படி, பாதியில் பதறிப்போய் எனக்குப் போன் போடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உன்னிடமிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது, இன்னும் கோயிலில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஐரோப்பாக் கதை சொல்லி முடியவில்லை. பாரிஸ் கோபுரத்தை விட உன் வீட்டு மாடிப்படியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்கிறேன், பத்துமலைப் படிக்கட்டாவது அகலமாக இருக்கும், உன் வீட்டில் ஏணியைச் சுவரில் சாய்த்துப் படி என்று பேர் வைத்திருக்கிறார்கள். அந்த ஜன்னலுக்கு ஒரு திரை வாங்கிப் போடு என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன், இந்த ஊரில் யாரும் போடமாட்டார்கள் என்கிறாய், நாம் ரசம் சாப்பிடுவதைத் தெருவே பார்த்துக்கொண்டு போகிறதே. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் நீ பாத்திரம் துடைத்துக்கொண்டே, அப்பாவுக்கு நான் பேசுவதில் அக்கறையே இல்லைம்மா, வேலையைப் பற்றிச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு அங்கே மழையா என்று கேட்கிறார் என்று சொன்னாய், சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் வாயை மூடிக்கொண்டு மிச்சப் பாத்திரத்தைக் கழுவினேன், அது எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உனக்கு ஆபீசில் அவசர வேலை வந்து எங்கள் இருவரை மட்டும் ரயில் ஏற்றிவிட்டாயே, நீ படித்த ஊருக்கு, அதுதான், பேரைச் சொன்னால் தொண்டையைச் செருமுவது போல இருக்குமே, அந்த ஊருக்கு. நீ பட்டம் வாங்கிய வருஷம் கோவிட் வந்து எங்களால் வர முடியாமல் போனது, அந்தப் பல்கலைக்கழக வாசலிலாவது ஒரு தடவை நிற்க வேண்டும் என்று அப்பா இங்கிருந்து கிளம்பும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். நீ எந்தப் பெட்டி என்று ஏதோ சொன்னாய், அவர் தலையை ஆட்டினார், நீ போனதும் கடைசிப் பெட்டிதான் காலியாக இருக்கும், முப்பத்தொரு வருஷம் ரயில்வேயில் இருந்தவனுக்குத் தெரியாதா என்று என்னைக் கடைசிக்கே நடத்திக்கொண்டு போனார். வழியில் ஒலிபெருக்கியில் நீளமாக ஏதோ அறிவித்தார்கள், முதலில் அவர்கள் பாஷையில், அப்புறம் இங்கிலீஷில். வேகமாகச் சொன்னதால் எனக்குப் பிடிபடவில்லை, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன், சரியான நேரத்துக்குப் போகுது என்று சொல்கிறான் என்றார். அவர்கள் சொன்னது என்னவென்றால், அடுத்த ஸ்டேஷனில் இந்த ரயிலை இரண்டாகப் பிரிப்போம், முன்பாதி தொண்டை செருமுகிற ஊருக்குப் போகும், பின்பாதி வேறு ஊருக்குப் போகும், பார்த்து மாறி உட்காருங்கள் என்பதுதான். எனக்கு இது பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த ஸ்டேஷனில் ரயில் நின்றதும் அப்பா ஜன்னல் வழியாக முன்னால் எட்டிப் பார்த்தார், ஆட்கள் இறங்கிப் பெட்டியைக் கழற்றுவது தெரிந்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிள்ளான் யார்டில் எத்தனை ஆயிரம் பெட்டியைக் கழற்றிக் கோத்த கை, சும்மா இருக்குமா, ரெண்டே நிமிஷம், எப்படிக் கழற்றுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று இறங்கிவிட்டார். போன், டிக்கெட் எல்லாம் அவர் சட்டைப் பையில். என்னிடம் இருந்தது வழியில் சாப்பிட மீஹூன் நூடுல்ஸை டப்பாவில் தாப்பாவ் பண்ணின பையும் அவருடைய கம்பளித் தொப்பியும். முன்பாதி போய்விட்டது, அப்பா பிளாட்பாரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அது போவதையே ரசித்துக்கொண்டு நின்றார். எங்கள் பெட்டிக்கு விசில் ஊதினான் கார்டு. அப்பாவுக்குப் பின்னால் நாலடி தூரத்தில் நின்று ஊதினான். தூணில் சாய்ந்திருந்த பையன் திரும்பினான், பால்குடிக்கிற குழந்தை ஒன்று திரும்பியது, ஒரு நாய் திரும்பியது. உன் அப்பா திரும்பவில்லை. மறுபடியும் ஊதினான், மறுபடியும். பதினெட்டு வருஷம் கார்டாக இருந்து தன் வாயாலேயே விசில் ஊதின மனுஷன் அசையாமல் நின்றதைப் பார்த்ததும்தான் அவருக்குக் கேட்கவில்லை என்று எனக்கு உறைத்தது. இரண்டு வருஷமாக நான் கூப்பிட்டதற்குப் பதில் வராததையெல்லாம் திமிர் என்றுதானே நினைத்திருந்தேன், அத்தனைக்கும் மனசுக்குள் அவரைத் திட்டியிருக்கிறேன், அது எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் என் தலைமேல் வந்து விழுந்தது. நான் ஜன்னலைத் தட்டினேன், கத்தினேன், கதவு மூடிக்கொண்டது, ரயில் கிளம்பிவிட்டது.

அவர் இல்லாமல் நான் பக்கத்திலிருக்கிற காப்பார் வரைக்கும்கூடத் தனியாக பஸ்ஸில் போனதில்லை. இங்கிலீஷ் ஒன்றும் வாயில் வரவில்லை, பயத்தில் மலாய்தான் வந்தது, என் புருஷன் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டார் என்று சொல்ல வராமல், என் புருஷன் என்பதை மட்டும் சுவாமி சாயா, சுவாமி சாயா என்று சொல்லி அழுதேன், பார்த்தவர்கள் நான் சாமியைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அப்போது பின்சீட்டிலிருந்து ஒரு குரல், பாதி வார்த்தையை முழுங்கின மலாயில், பயப்படாதே அம்மா, எங்கே விட்டாய் அவரை என்று கேட்டது. எனக்கு முதலில் தேவமாதாவே மலாய் பேசுகிறாளோ என்று தோன்றிவிட்டது. திரும்பிப் பார்த்தால் என்னைப் போலவே கறுத்து, என்னைப் போலவே குட்டையாக ஓர் அம்மா, மடியில் கேக் பெட்டி. பெத்சி என்று பேர், அங்கே அத்தையைத் தாந்தே என்பார்களாம், தாந்தே பெத்சி என்று கூப்பிடச் சொன்னாள். அவளுடைய அப்பா அம்மா இந்தோனேசியாப் பக்கத்து மலுக்குத் தீவுகளிலிருந்து அந்தக் காலத்திலேயே கப்பலில் அங்கே வந்தவர்களாம், இவள் அங்கேயே பிறந்தவள், வீட்டில் இன்னும் அவர்கள் மலாய்தானாம். கார்டைக் கூப்பிட்டு அவன் பாஷையில் படபடவென்று சொன்னாள், அவன் ஸ்டேஷனுக்குப் போன் போட்டான், கால்மணி நேரத்தில் அடுத்த ஸ்டேஷன் வந்தது. பேரனுடைய பிறந்த நாளுக்குப் போய்க்கொண்டிருந்தவள், கேக்கோடு என் கூடவே இறங்கித் திரும்புகிற ரயிலில் ஏறிவிட்டாள். நான் வேண்டாம் என்றேன், பேரனுக்கு வருஷா வருஷம் பிறந்த நாள் வரும், உன் புருஷன் ஒருத்தன்தானே என்றாள். பதிலுக்கு என்னிடம் கொடுக்க மீஹூன்தான் இருந்தது, சம்பலோடு ஒரு வாய் தின்று கண்ணில் தண்ணீர் விட்டாள், அம்மா கை ருசி என்றாள், காரத்தாலா பாசத்தாலா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து இறங்கும்போதே ஒலிபெருக்கியில் அப்பா பேர் முழங்கிக்கொண்டிருந்தது. சிரில் ஆரோக்கியசாமி என்பதை அந்தப் பெண் நாலு துண்டாக உடைத்து, துண்டுக்கு ஒரு மூச்சு விட்டு அழைத்தாள். அப்பா எங்கே இருந்தார் தெரியுமா, சரியாக அந்த ஒலிபெருக்கிக்கு அடியில் பெஞ்சில், ரயில் போன திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் போய் இரண்டு தடவை கூப்பிட்டேன். தோளைத் தொட்டதும்தான் திரும்பினார், என்னைப் பார்த்ததும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார், ஆனால் வாயிலிருந்து வந்தது என்னவோ, "எங்க போன நீ? சொல்லாம கொள்ளாம ரயில்ல ஏறிப் போயிட்ட?" என்பதுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னேன். ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"விசில் ஊதுனானா?"

"மூணு தடவ ஊதுனான்."

தாந்தே பெத்சி கேக் பெட்டியைத் திறந்து பேனாக்கத்தியால் ஆளுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள், பேரனுக்கு முக்கால் கேக் போதும் என்றாள். அடுத்த ரயிலில் முன்பெட்டியில் ஏறி, உன் பல்கலைக்கழக வாசலில் இருபது நிமிஷம் நின்றோம். அங்கே எடுத்த போட்டோவில் அப்பா ஏன் இவ்வளவு கம்பீரமாக நிற்கிறார் என்று கேட்டாயே, அது கம்பீரம் இல்லை விவி, அழாமல் இருப்பதற்காகத் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைக்குச் சொல்லாதே, செவிட்டு அப்பன் என்று நினைப்பாள் என்று அந்த வாசலில்தான் என்னிடம் வாக்கு வாங்கினார். ஊருக்குப் போனதும் டாக்டரிடம் வருவேன் என்று அவரும் ஒரு வாக்குக் கொடுத்தார்.

கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றிய லட்சணத்தைக் கேள். முதலில் விமானத்தில் காது அடைத்தது, தானாகத் திறக்கும் என்றார். அப்புறம் அழுக்குத்தான் என்றார். பக்கத்து வீட்டு சிவநேசன் பூண்டுத் தைலம் காய்ச்சிக் கொடுத்தார், ஒரு வாரம் வீடெல்லாம் ரசம் தாளித்த வாசனை, காது மட்டும் அப்படியே. கடைசியில் நான் மதியச் சமையலை நிறுத்தியதும்தான் பிரிக்பீல்ட்ஸுக்குக் கிளம்பினார். விஷ்ணுப்ரியா என்று நம் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, காது சோதிக்கிறவள், கண்ணாடி அறைக்குள் அப்பாவை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்துங்கள் அங்கிள் என்று எழுதியே காட்டினாள். இவர் என்னமோ ரயில்வே பரீட்சை எழுதுகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, வாசல்மணி அடிக்கிறது போல விடாமல் அழுத்தினார். அவள் கதவைத் திறந்து, "அங்கிள், நான் இன்னும் மிஷினே ஆன் பண்ணல லா" என்றாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் சிரிக்காமல் இன்னொரு தடவை ஒழுங்காகச் சோதித்து, இரண்டு காதும் வெகுவாகக் குறைந்திருக்கிறது, எஞ்சின் சத்தத்திலேயே இருந்தவர்களுக்கு இப்படி ஆகும் என்று பொறுமையாக விளக்கினாள்.

இப்போது இரண்டு காதிலும் மிஷின் போட்டாயிற்று, கஷ்டம் என் பக்கம் வந்துவிட்டது. காற்றாடி ஏன் முனகுகிறது, நீ ஏன் தட்டை இப்படிப் போட்டு உடைக்கிறாய் என்று நாள் முழுக்கக் கேள்வி. இத்தனை வருஷமாக அடுப்பைப் பார்த்துக்கொண்டே அவரைப் பற்றி நான் முணுமுணுத்து வந்தேனே, அந்த வசதியும் போனது. போன ஞாயிறு பூசை முடிந்ததும் பாடற்குழுவில் கிட்டார் வாசிக்கிற பிராண்டனைப் பிடித்து, தம்பி உன் நாலாவது கம்பி சுருதி இறங்கியிருக்கிறது என்றார், அவன் பாவம், அங்கிள் அது ஈஸ்டரிலிருந்தே அப்படித்தான், யாரும் கவனிக்கவில்லை என்றான். அன்றைக்கெல்லாம் அப்பாவுக்கு ஒரே பெருமை.

ஆனால் புதன்கிழமை சாயந்திரம் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு நான் வந்தபோது அவர் விளக்குப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் போன். நீ அவருக்கு அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டிருக்கிறார். போனில் வருகிற பேச்சு அவருக்குச் சுத்தமாகக் கேட்டதே இல்லையாம், காலை வணக்கம் சொல்கிறாய் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் ஒரே பதில், கட்டைவிரல் படம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜனவரியில் நீ அனுப்பியதை எனக்குப் போட்டுக் காட்டினார். ஒரே இருட்டாக இருக்கிறது, வேலையிலும் சரியில்லை, தாங்க முடியவில்லை, ஏதாவது சொல்லுங்கப்பா என்று நீ அழுகிறாய். அதற்கும் கீழே கட்டைவிரல். அதற்கப்புறம் நீ அவருக்கு வாய்ஸ் அனுப்பவே இல்லை, எல்லாம் எழுத்துதான். என்னிடமும் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே மகளே, அந்தக் குளிரைத் தனியாகவா கழித்தாய். "என் புள்ள அழுதிருக்கா பிலோ, நான் கட்டவெரல் போட்டிருக்கேன்" என்றார். அன்றைக்கு இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில்தான், விவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு, என்னால் சொல்ல முடியாது என்றார்.

அவர் உன்னைக் கவனிக்காமல் இருக்கவில்லை, கேட்காததை மறைக்கத் தெரிந்த அளவுக்கு, கேட்கவில்லை என்று சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். கடிதம் கிடைத்ததும் நீ அவருக்கு ஒரு வாய்ஸ் அனுப்பு. எழுதாதே, பேசு. சத்தம் போட வேண்டாம், நிறுத்தி நிறுத்தியும் பேச வேண்டாம், உன் வேலை என்ன, அங்கே யாரோடு சாப்பிடுகிறாய், எதற்கெல்லாம் அழுதாய், எல்லாவற்றையும் நீ பேசுகிற மாதிரியே பேசு. படுக்கும்போது மிஷினைக் கழற்றச் சொன்னாலும் கழற்றமாட்டேன் என்கிறார், உன் மெசேஜ் வந்துவிட்டால் என்ன செய்வது என்கிறார்.

மாதா உன்னை எப்போதும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாளாக, நீ போகிற வழியெல்லாம் ஒரு தாந்தே பெத்சி உனக்கு வாய்க்கட்டும். திரை வாங்க மறக்காதே, நீல நிறம் வேண்டாம், அழுக்குத் தெரியும். இன்னும் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் அடுத்த அறையிலிருந்து, பேனா கீறுகிற சத்தம் காதைக் குடைகிறது, சுருக்கமாக எழுதச் சொன்னேனே என்கிறார்.

ஆயிரம் முத்தங்களோடு,
உன் அம்மா
பிலோமினா சிரில்