ஆபரேஷனுக்கு முன்பே போட்ட மொட்டை

தூத்துக்குடி

அன்புள்ள வடிவு,

நீயும் மகளும் பேரனும் நலம்தானே? பத்து நாளாக நான் வீடியோவில் வராததற்கு போன் கோளாறு என்றேன். அது பொய். நான் மொட்டை போட்டிருக்கிறேன்.

தலைவலிக்கு எடுத்த ஸ்கேனில், மூளையை மூடியிருக்கும் சவ்வில் சிறு கட்டி தெரிந்தது. மெனிஞ்சியோமா என்று பெயர். பச்சை உடம்புக்காரி இருக்கும் வீட்டுக்கு இதைச் சொல்ல மனம் வரவில்லை. ஆபரேஷனுக்கு எப்படியும் தலையை மழிப்பார்கள், அந்த முடி முருகனுக்கே போகட்டும் என்று திருச்செந்தூரில் இறக்கிவிட்டேன்.

இன்று பெரிய டாக்டரிடம் இரண்டு பக்கக் கேள்விகளோடு போனேன். என் தலையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஆபரேஷன்னு யாரு அண்ணாச்சி சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நானாத்தான்..."

மெதுவாக வளரும் வகையாம். இப்போது மருந்துகூட வேண்டாம், ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்தால் போதும். வளர்ந்தால் கதிர்வீச்சா, அறுவையா என்று அப்போது யோசிக்கலாம் என்றார். சரியாகத்தான் கேட்டேனா என்று சந்தேகம் வந்து, வெளியே நர்ஸிடம் மறுபடி விசாரித்தேன்.

"சரியாத்தான் கேட்டிருக்கீக தாத்தா. போய் காப்பி குடிங்க" என்றாள்.

குடித்தேன். சீனி போட்டே குடித்தேன்.

கோபத்தைப் போனில் காட்டாதே, நேரில் வந்து திட்டு. ஸ்கேன் மெஷினுக்குள் படுத்திருந்த அரை மணி நேரமும் நீ வெளியே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டுதான் அசையாமல் கிடந்தேன். அடுத்த தடவை நிஜமாகவே வந்து உட்காரு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்