சுவர் முழுவதும் கடல்

ஓசூர்
7.2.1993

அன்புள்ள ஃபகருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மா எழுந்து உட்காருகிறார்கள் என்று லாரி டிரைவர் நாராயணப்பன் வந்து சொன்னார். அல்ஹம்துலில்லாஹ். லாரிக்காரருக்குத் தெரிந்த பிறகுதான் புருஷனுக்குத் தெரிகிறது. இருக்கட்டும்.

ஒரு விஷயம், சிரிக்காமல் படி. நம் கூடத்தில் கடல் கட்டியிருக்கிறேன். "இந்த ஊர்ல கடல் ஒண்ணுதான் இல்ல" என்று போகும்போது பஸ் ஸ்டாண்டில் சொன்னாயே, அது மண்டையிலேயே நிற்கிறது. பெங்களூரில் ஒரு டாக்டர் வீட்டில், கண்ணாடித் தொட்டிக்குள் பவளமும் கடல் மீனும் உயிரோடு இருப்பதைப் பார்த்தேன். அவருடையது டிரங்குப் பெட்டி அளவு. நான் கண்ணாடிக் கடைக்காரன், எனக்கென்ன குறை? சுவர் முழுவதும் கட்டிவிட்டேன். நம் கட்டிலையே அதற்குள் இறக்கலாம். வெயில் பட்டால் பாசி பிடிக்குமாம், அதனால் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியாயிற்று.

கடை உப்பைக் கரைத்து ஊற்றினால் பவளம் பிழைக்காது. உங்கள் கடல் தண்ணீரே வேண்டும். கரையோரத்தில் மொள்ளாமல், வள்ளத்தில் உள்ளே போய் எடுத்துத் தரும்படி உன் அண்ணனிடம் சொல். நாராயணப்பன் அங்கிருந்து காலியாகத்தான் திரும்புகிறார். புது டிரம்கள் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

உன்
காஜா மொய்தீன்


கீழக்கரை
20.2.1993

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். அண்ணனிடம் சொல் என்றீர்களே, கடிதத்தைக் காக்காவிடம் படித்துக் காட்டினேன். "மாப்புளைக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று கேட்டவர், மறுநாளே வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார். எல்லா டிரம்மும் நிரம்பிவிட்டது. பவளம் ஒட்டிய கற்களைத் தனி டிரம்மில் தண்ணீரோடு வைத்திருக்கிறார். கடல் சாமந்திக்குள் குடியிருக்கும் ஆரஞ்சு மீன் ஒரு ஜோடியும் இருக்கிறது. அதைப் பிரித்து வைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

உம்மாவைத் தனியே விட முடியவில்லை. நோன்பு வேறு வருகிறது. எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து இருக்க வேண்டும். நிக்காஹ் பேசியபோது உங்களுக்காக அதை விட்டுக்கொடுத்தோம். இன்று சும்மா ஞாபகம் வந்தது.

எந்த ஜன்னலை அடைத்தீர்கள்?

அன்புடன்
ஃபகருன்னிசா


ஓசூர்
2.5.1993

அன்புள்ள ஃபகருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடல் நோன்பிலேயே வந்து சேர்ந்தது, எழுதத்தான் தாமதம். டிரம்களை இறக்கும்போது பக்கத்துக் கடை ஆஞ்சப்பன் "என்னாப்பா சரக்கு?" என்றார். "கடலைக் கொண்டாந்திருக்கேன்" என்றார் நாராயணப்பன். உடனே ஆஞ்சப்பன் பையை எடுத்து வந்து, "எனக்கு ரெண்டு படி போடு, வறுத்ததா பச்சையா?" என்று கேட்டார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

விளக்கைப் போட்டால் கூடம் நீலமாகிவிடுகிறது. கடையைச் சாத்திவிட்டு வந்தால் மோட்டார் சத்தம் மட்டும்தான். ஜோடி மீனோடு பேசிக்கொண்டிருக்கிறேன். உன்னோடு பேசியதைவிட அதிகம் பேசுகிறேன் என்று நேற்றுத்தான் தோன்றியது.

கோடைச் சூட்டில் தண்ணீர் தினமும் இறங்குகிறது. நீ அனுப்பியதையே ஊற்றி மட்டம் ஏற்றுகிறேன். கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு படவிடுவதில்லை, கடலில் கடலைத்தானே ஊற்ற வேண்டும். பவளம் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கிறது. சூட்டினால் இருக்கும். இன்னும் சில டிரம் அனுப்பச் சொல். பக்ரீத் பெருநாளுக்கு நீயே வந்து பார்.

உன்
காஜா மொய்தீன்


கீழக்கரை
16.5.1993

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடலில் கடலை ஊற்றாதீர்கள். சூட்டில் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கிறது. உப்பளத்தில் அதைத்தானே செய்கிறார்கள். நம் கூடத்தில் உப்பளம் போட்டுவிட்டீர்கள். நம் கிணற்று நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

ஜன்னலைப் பற்றிக் கேட்டேன், பதில் இல்லை. வீதிப்பக்கம் நமக்கு இருந்தது ஒரே ஜன்னல். நீங்கள் காலையில் போனால் இருட்டித்தான் வருவீர்கள். வந்தாலும் பேச்சில்லை. எதிர்வீட்டுச் சென்னம்மாதான் அந்த ஜன்னலில் வந்து நிற்பாள். அவளுக்குத் தமிழ் பாதி, எனக்குக் கன்னடம் பாதி. ராகி மாவு தருவாள், நான் கருவாடு தருவேன். "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்பாள். அந்த ஊரில் நான் சாப்பிட்டேனா என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

பஸ் ஸ்டாண்டில் "நீங்க பக்கத்துல இருந்தும் எனக்கு யாருமில்ல" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கடல் என்று வந்துவிட்டது. நீங்கள் அதைக் கட்டியே விட்டீர்கள். எவ்வளவு பாடுபட்டிருப்பீர்கள் என்று நினைத்தால் அழுகை வருகிறது. ஆனால் இப்போது வந்தால் நான் எங்கே போய் நிற்பேன்? பெருநாளுக்கு வரவில்லை. கோபமில்லை மச்சான், பயமாக இருக்கிறது.

ஃபகருன்னிசா


ஓசூர்
13.6.1993

அன்புள்ள ஃபகருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் வரும்போதே பவளம் எல்லாம் சுண்ணாம்பாகிவிட்டது. நீ சொன்னபடி கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். ஜோடி மீன் மட்டும் பிழைத்துக்கொண்டது. பிரிக்காமல் டிரம்மில் வைத்து அனுப்புகிறேன், கடலில் விடச் சொல்.

தொட்டியைக் கழற்றிவிட்டுச் செங்கல்லை நானே இடித்தேன். ஜன்னல் கம்பியில் சிமெண்ட் ஒட்டியிருக்கிறது, சுரண்டிக்கொண்டிருக்கிறேன். இடித்த அன்றே சென்னம்மா வந்து, "அம்மா பந்த்ரா?" என்று, நீ வந்துவிட்டாயா எனக் கேட்டாள். "பர்த்தாரெ" என்று சொல்லிவிட்டேன். உனக்கென்று ராகி மாவு வைத்துவிட்டுப் போனாள்.

வருவாய் என்று சொன்னது பொய்யா என்று நீதான் எழுத வேண்டும். இல்லையென்றால் உங்கள் ஊர் வழக்கப்படி நான் வருகிறேன். வா என்று ஒரு வார்த்தை போதும்.

உன்
காஜா மொய்தீன்


ஓசூர்
29.8.1993

அன்புள்ள ஃபகருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வள்ளத்தில் நீயே போய் மீன்களை விட்டதாக நாராயணப்பன் சொன்னார். கடிதம் ஏதாவது கொடுத்தாயா என்று கேட்டேன். லாரிக்குப் பின்னால் போய் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஜன்னலில் உட்காருகிறேன். சென்னம்மா தினமும் வந்து, அம்மா வந்தாரா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்று அதைக் கேட்கவில்லை. "ஊட்டா ஆய்த்தா?" என்று என்னைக் கேட்டாள்.

ஆய்த்து என்று சொன்னேன். அடுப்பை அப்போது பற்றவைத்திருக்கவில்லை.

உன்
காஜா மொய்தீன்