நாலாவது பெயர்

என் அருமை எத்திராஜண்ணாவுக்கு,

ஆடி பிறந்துவிட்டது, வானமும் மூடிக்கொண்டது. தொலைநோக்கி இருக்கும் டோமைப் பூட்டிவிட்டு அதிகாரிகள் பாதிப் பேர் மலை இறங்கிவிட்டார்கள். கேன்டீனில் எனக்கு வேலையே இல்லை. நீ இருந்திருந்தால் இந்நேரம் ஜீப்பிலிருந்து இங்கிலீஷ் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்து, "குப்பு, டீ போடு, ஆட்டம் வருது" என்றிருப்பாய்.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று சிரிக்காதே. இது நம் ஊழியர் மலரில் வரப்போகிற கடிதம். படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டுமே.

பொங்கல் சமயத்தில் ஜவ்வாது மலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். அதனால் கேன்டீன், ஜீப், கேட், ஜெனரேட்டர், தோட்டம் என்று இருக்கும் நம் ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் பொங்கல் லீவு. முன்பெல்லாம் அதற்கு அடிதடி நடக்கும். நீதான் அதற்கு ஒரு போட்டியைக் கொண்டுவந்தாய். சின்ன வயதில் பெங்களூர் கோல்ஃப் மைதானத்தில் பணக்காரர்களின் பை தூக்கினவனாயிற்றே! ஆடி மாதம் சீமையில் கடலோரத்தில் நடக்கும் பெரிய கோல்ஃப் பந்தயத்துக்கு ஆளுக்கு நாலு ஆட்டக்காரர்களை எழுதிக் கொடுக்க வேண்டும். யாருடைய நாலு பேர் சேர்ந்து நன்றாக ஆடுகிறார்களோ அவருக்கு லீவு. பந்தைக்கூடப் பார்த்திராத நாங்களும் தலையாட்டினோம்.

முதல் வருஷம் நடந்த கூத்து நினைவிருக்கிறதா? சீட்டை வாங்கிக்கொண்டு நீ அந்த வாரம் வேலூர் டூட்டிக்குப் போய்விட்டாய். யார் எத்தனை அடி அடித்தார்கள் என்று பேப்பரில் வந்த எண்களை நாங்களே கூட்டினோம். அதிகம் வந்தவன்தானே ஜெயித்தவன்? கேட் ஏழுமலைக்குத்தான் அதிகம். மாலை போடாத குறை. நீ வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாய். "அடப்பாவிங்களா, கம்மியா அடிச்சி குழில போட்றவன்தான்டா கெட்டிக்காரன்! இருக்கறதுலயே மட்டமான நாலு பேர எடுத்து வெச்சிருக்கான் இவன்." ஆனாலும் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். அந்தப் பொங்கலுக்கு ஏழுமலை கலசப்பாக்கத்துக்குப் போனான்.

அதற்குப் பிறகு மூன்று வருஷமும் நீயே ஜெயித்தாய், நீயே உன் ஊர் ஒடுகத்தூருக்குப் போய் மாடு விடும் திருவிழா பார்த்தாய்.

உன் வித்தையை நீ ஒளித்ததே இல்லை. எல்லோரும் பெரிய பெயரை எழுதுவார்கள், நீ எழுத மாட்டாய். "பேரு வந்து ஆடாது குப்பு, ஆளுதான் ஆடணும்" என்பாய். போன மாதம் எப்படி ஆடினான் என்று பார்ப்பாய். காற்றடிக்கும் கடலோர மைதானத்தில் தாக்குப்பிடிப்பானா என்று பார்ப்பாய். முக்கியமாக, நாலு நாள் பந்தயத்தில் பின்தங்கி இரண்டாம் நாளோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறவனை வாசலிலேயே நிறுத்திவிடுவாய். அப்படிப் போனவனுக்கு மிச்சம் இரண்டு நாளும் தலா எண்பது அடி என்று நாம் வைத்த விதி, நல்ல சீட்டையும் நாசமாக்கிவிடும்.

போன ஆடியில்தான் எனக்கு அந்த லீவு உயிர்ப் பிரச்சினை ஆனது. வைகாசியில் என் மகள் செல்வியைப் படவேட்டில் கட்டிக் கொடுத்திருந்தேன். தலைதீபாவளிக்குக் கவலையில்லை, ஐப்பசி மழையில் யாரும் வானம் பார்ப்பதில்லை. ஆனால் தலைப்பொங்கல்? சீர் போகாவிட்டால் புகுந்த வீட்டில் என் பெண் எப்படித் தலை நிமிர்வாள்? வெட்கத்தை விட்டு உன்னிடம் வந்தேன். நீ ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

"அண்ணா, இந்த ஒரு வருசம் எனக்கு வுட்டுக் குடு. செல்வியோட அப்பன் ஓடிப்போயி ஒம்பது வருசம் ஆவுது. சீரு நான்தான் எடுத்துகினு போவணும்."

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னாத்துக்குக் கேட்டு வாங்குற? உனுக்கு ஜெயிக்கத் தெரியாதா? ஜெயிச்சி வாங்கு."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்! அன்று உனக்கு ஊற்றிய சாம்பாரில் ஒரு துண்டு காய் இல்லை. வேண்டுமென்றேதான் செய்தேன். அப்புறம் உன்னோடு பேசவும் இல்லை.

பேசாமல் இருந்த நாளில் யோசித்தேன். உன் முறைப்படியே எழுதினால் உன் சீட்டேதான் எனக்கும் வரும், உன்னைத் தாண்ட முடியாது. உன்னிடம் இல்லாதது என்னிடம் என்ன இருக்கிறது? வடை எண்ணெய் வடியப் போடும் பழைய பேப்பர்க் கட்டு. அதில் மூன்று வருஷத்து ஆடி மாதப் பேப்பரையெல்லாம் தேடி எடுத்தேன். எட்டாவது வரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, எண்ணெய்க் கறைக்குள் பெயர்களைத் துழாவினேன். மூன்று பெயர்கள் உன் முறையிலேயே கிடைத்தன. நாலாவதாக ஒரு கிழவனைப் பிடித்தேன். ஒருமுறைகூடக் கோப்பை வாங்கியதில்லை, ஆனால் மூன்று ஆடியிலும் நாலு நாளும் களத்தில் நின்றிருந்தான். ஒரு நாளும் கோட்டை விட்டதில்லை. அவனை எவனும் எழுத மாட்டான் என்று தெரியும்.

ஏழுமலை தகரப்பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் படித்ததும் எல்லோரும் நம்மையே பார்த்தார்கள். உன் சீட்டிலும் என் சீட்டிலும் மூன்று பெயர் ஒன்று. நாலாவதுதான் வேறு. உன்னுடையவன், எல்லோரும் புகழ்ந்த இளவட்டம். கடைசி நாள் காற்றில் அவன் பந்து புதருக்குள் போய்க்கொண்டே இருந்ததாம். என் கிழவன் அசையவில்லை. என் கூட்டல் நான்கு அடி குறைவு, உன்னை ஜெயித்தேன்.

நீ சொன்னது ஒரே வார்த்தை: "செரி, போய்ட்டு வா."

போய் வந்தேன். கரும்பும் மஞ்சள் கொத்தும் புதுப்பானையும் புடவையுமாகப் படவேட்டில் இறங்கியபோது செல்வி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சம்பந்தியம்மா, "லீவே கெடைக்காதுன்னாங்களே?" என்றார். "ஜெயிச்சி வாங்கனேங்க" என்றேன்.  ஆனால் மலையில் எல்லோரும் பேசியது வேறு: "எத்திராஜுதான் வுட்டுக் குடுத்துட்டாரு. வேணும்னே அவ சீட்டு மாரியே எழுதி, கடைசில ஒரு ஓட்ட ஆளப் போட்டுகினாரு." திரும்பி வந்து உன்னிடமே கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே ஜீப்பைக் கிளப்பினாய். மாசியில் ஒரு மதியம் அதே ஜீப்பை ஒழுங்காக நிறுத்தி, சாவியை ஏழுமலையிடம் கொடுத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான். பதில் சொல்லாமலே போய்விட்டாயே அண்ணா. நீ போட்ட பிச்சையைத்தான் என் பெண் வீட்டுக்குச் சீராகக் கொண்டுபோனேனா?

போன வாரம் அண்ணி உன் காக்கிச் சட்டைகளைத் தோட்டக்காரருக்குக் கொடுக்க எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு சட்டைப்பையில் ஜீப் ட்ரிப் ஷீட் ஒன்று, நாலாக மடித்தது. பின்பக்கம் உன் கோழிக் கிறுக்கல். "குப்பு யார எடுப்பா?" என்று மேலே எழுதி, அடியில் நாலு பெயர். மூன்று சரி! அந்த மூன்றையும் உன் சீட்டுக்கு இழுத்திருந்தாய். பக்கத்தில், "மூணையும் நானும் எழுதிட்டா சமமாயிடும், மிச்சம் நாலாவது ஆள்தான். அங்க அவள சாச்சிடலாம்." ஓரத்தில் கிழவனின் பெயரும் இருந்தது, அடித்துவிட்டு எழுதியிருந்தாய்: "இவன யாரும் எடுக்க மாட்டாங்க."

ஸ்டோர் ரூமில் போய் உட்கார்ந்து அழுதேன், அண்ணா. சந்தோஷத்தில்தான். என்னைச் சாய்க்க நீ இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறாய்! இரக்கப்படுகிறவன் இப்படி அடித்து அடித்து எழுதுவானா? அந்த ஷீட்டைக் கேன்டீன் சுவரில் ஒட்டிவிட்டேன். பேசின வாயெல்லாம் வந்து படித்துவிட்டுப் போயிற்று.

ஒன்று மட்டும் இன்னும் தெரியவில்லை. நீ ஜெயித்திருந்தால் அந்த லீவை என்ன செய்திருப்பாய்? ஒடுகத்தூருக்குப் போயிருப்பாயா, என்னைக் கூப்பிட்டுக் கொடுத்திருப்பாயா?

நாளைக்குப் பெட்டியில் சீட்டு விழுகிறது, புது ஜீப் டிரைவரோடு சேர்த்து ஐந்து. செல்விக்கு இது ஏழாம் மாதம், இந்தப் பொங்கலுக்குக் கையில் குழந்தை இருக்கும். எனக்கு அந்த லீவு வேண்டும். ஆனாலும் ஆறாவதாக ஒரு சீட்டும் போடப்போகிறேன், உன் பெயரில். நான் யாரை எடுப்பேன் என்று யோசித்து, என்னை எங்கே சாய்க்கலாம் என்று பார்த்து, உன் மூளையால் எழுதுவேன். அது ஜெயித்தால் இந்தப் பொங்கலுக்கு உன் லீவில் அண்ணிக்குத் துணையாக ஏழுமலை ஒடுகத்தூர் போவான், நான் இங்கே அடுப்படியில் நிற்பேன். இது சத்தியம். உன் சீட்டில் ஓட்டை ஆள் ஒருவனும் இருக்க மாட்டான். நீ எனக்கு விட்டுக் கொடுக்கவில்லை, நானும் உனக்கு விட்டுக் கொடுக்க மாட்டேன்.

உன்னை ஒருமுறை நிஜமாகவே ஜெயித்த,
கூடப் பிறக்காத தங்கச்சி
குப்பம்மாள்