கழுத்தில் கீறல் விட்ட தோட்டாக்கூடு

செவ்வாய்க்கிழமை, இரவு

மகள் கனியின் போட்டித் துப்பாக்கிக்கான தோட்டா எங்கும் கிடைக்கவில்லை. பட்டாளத்தில் ஆயுதப் பட்டறையில் இருந்த தைரியத்தில், வேறு அளவுத் தோட்டாக்களின் காலிப் பித்தளைக் கூடுகளை நான்தான் அச்சில் அழுத்தி அவள் துப்பாக்கியின் அளவுக்கு மாற்றி, வெடிமருந்தும் குண்டும் வைத்துக் கொடுத்தேன். இன்று பயிற்சியில் சுடும்போது ஒரு கூடு, குண்டு பொருந்தும் கழுத்துப் பகுதியில் கீறல் விட்டுவிட்டது. புகை பின்பக்கமாகச் சீறி அவள் கன்னத்தில் அடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

"ஒண்ணுமில்லப்பா. போட்டிக்கும் இதையே கொண்டு போவோம்" என்று சிரித்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பயிற்சிக்களத்திலிருந்து அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்தில் வீட்டுக்கு வந்தேன். வந்ததும், இன்னும் வெடிமருந்து நிரப்பாமல் வைத்திருந்த மிச்சக் கூடுகளை விளக்கடியில் பார்த்தேன். எதிலும் கீறல் இல்லை. ஆனால் அந்தக் கூட்டிலும் காலையில் எதுவும் தெரியவில்லையே. எல்லாவற்றையும் சுத்தியலால் நசுக்கினேன்.

சத்தம் கேட்டுக் கனி வந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். நசுங்கிய ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"நல்லதுப்பா. ஒவ்வொரு தடவ சுடும்போதும் பயமாத்தான் இருந்துச்சு. நீங்க வருத்தப்படுவீகன்னு சொல்லல."

சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். இத்தனை நாளும் பக்கத்தில் நின்று, "தைரியமாச் சுடு தாயி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு எதற்கெல்லாம் பயந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாளோ.