குல்மோகருக்கு ஃபைபர் ஒட்டு

செப்டம்பர் 8
கொல்லைக் குல்மோகர் மரத்தின் அடியில் கை நுழையும் அளவுக்குப் பொந்து. விரலை விட்டால் ஈரத் தவிடுபோல உதிர்கிறது. அடுத்த வீட்டுத் திருமலை வந்து பார்த்தான். நெட்டுக்குப்பம் கடற்கரையில் உடைந்த படகுகளுக்கு ஃபைபர் ஒட்டுபவன். "இதுக்கா பேஜாராவுற, நைனா? போட்டுல இத்தவிடப் பெரிய ஓட்டைய அடைச்சிக்கீறேன்." கடலையே வெளியில் நிறுத்துகிறவன். சம்மதித்தேன்.

செப்டம்பர் 10
ஒட்டியாயிற்று. வழவழப்பு. மரம் இப்போது கடலுக்குப் போகத் தயார்.

அக்டோபர் 5
ஒட்டுக்கு மேலே பழுப்பாக ஒரு காளான், தட்டு அளவில். கிளைகள் மொட்டையாகின்றன. மரம் சாய்ந்திருக்கிறதா, என் கண் கோளாறா? சாய்வுக்கு நேர் கீழே திருமலை வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதன் கீழே அவன் தங்கை மலர், பிரசவத்துக்கு வந்தவள். எட்டு மாதம்.

அக்டோபர் 6
நர்சரி தண்டபாணியைக் கூட்டிவந்தேன். "வேரு ஏற்கெனவே அழுகிகினு கீது சார். இத்த மூடி, தண்ணிய உள்ளயே நிறுத்திட்டீங்க. மழைக்கு முன்னாடி மரத்த வெட்டி எறக்கிடுங்க."
முப்பது வருடம் நூலகத்தில் இருந்தவன் நான். ஈரத்தை மூடி வைத்தால் என்னவாகும் என்று தெரியாதா? தெரியும். பிரியமாய்ச் செய்ய வந்தவனிடம் வேண்டாம் என்று சொல்லத்தான் தெரியவில்லை.

அக்டோபர் 9
திருமலையிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 11
கனமழை எச்சரிக்கை. திருமலையின் அம்மா கோவிந்தம்மாவிடம், மலரை வேறு அறையில் படுக்கவைக்கச் சொன்னேன். "இன்னா சாரே, எம்புள்ள ஒட்டுனது கடலுக்கே அசையாது. உன் மரத்துக்கா அசையும்?" ஒட்டு அசையாதுதான். மரம்? சரி என்று திரும்பினேன். இன்னா மனுசன் நான் — மரியாதைக்காக ஒரு பிள்ளைத்தாய்ச்சியை அதுக்கடியில படுக்க வச்சிகினு...

அக்டோபர் 12
விடிந்ததும் திருமலையிடம் சொல்லிவிட்டேன்.  வந்து, படகின் அடியைச் சோதிப்பதுபோல மரத்தைக் கட்டையால் தட்டிக் காதை வைத்தான். உள்ளே வெறும் கூட்டின் ஓசை. "ஆறு நாளா தெரிஞ்சிகினு கம்முனு இருந்தியா? கீழ என் தங்கச்சி படுத்துகினு கீது, நைனா!"
நாலு ஆட்கள் வந்தார்கள், படகு இழுக்கும் கயிற்றோடு. மாலைக்குள் துண்டு துண்டாக இறக்கினார்கள். கூரையில் ஒரு கீறல் இல்லை. திருமலை சொல்லிக்கொள்ளாமல் போனான்.

அக்டோபர் 14
மழை. காற்று. தூங்கினேன்.

மார்ச் 20
நிழல் போனதால் அவர்கள் கூரை காலை பத்து மணிக்கே கொதிக்கிறது. திருமலை என் வாசலில் நின்றான். ஐந்து மாதத்தில் முதல் பேச்சு: "உன் வூட்ல தூளி கட்ட கொக்கி கீதா?"
புத்தக அலமாரிக்கு எதிரே கட்டினான். மலரின் நாலு மாதக் குழந்தை தூங்குகிறது. நான் பக்கம் புரட்டினால் மலர் முறைக்கிறாள்.