ஆறாமல் வைக்க வேண்டிய சாக்லேட்

ஓவனிலிருந்து பாதாம் வாசம் வருகிறது. ஷிஃப்ட் முடிந்து வந்த உடம்பு, உட்கார்ந்தால் எழுந்திருக்காது. மகள் ஆசைப்பட்டாளே என்று மாவு பிசைந்துவிட்டேன். இந்த வாசத்துக்கு உன்னைத் தவிர வேறு யாரை நினைப்பேன், சொல்.

கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்து பேக்கரியில் நாம் இரண்டு பேரும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். பழவேற்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் நீ. ஓவன் பக்கம் நீ, மேஜைப் பக்கம் நான். அந்த ரம்ஜானுக்குப் பாதாம் பிஸ்கட் ஆர்டர் வந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சாக்லேட் பொத்தான்.

முதல் தட்டை என் பக்கம் தள்ளி, "ஆறாம வையிடி!" என்று கத்தினாய். மாவு மிஷின் இரைச்சலில் எனக்கு "ஆறா வையிடி" என்றுதான் கேட்டது. பெரிய இடத்து ஆர்டர் போல என்று பிஸ்கட்டுக்கு ஆறு பொத்தானாக அடுக்கினேன். நீ திரும்பிப் பார்த்தபோது நாலு தட்டு முடிந்திருந்தது, சாக்லேட் டப்பா காலி.

"இன்னாடி இது, பிஸ்கட்டா, அம்மை போட்ட மூஞ்சியா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "சூடா இருக்கசொல்லவே வையின்னேன். ஆறிப்போனா ஒட்டாதுடி."

முதலாளி சிரிக்கவில்லை. "யார் வேலை இது?" என்றார். என் வேலை போனால் வீட்டில் உலை வைக்க முடியாது, உனக்குத் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "நான்தான்" என்றாய். உன்னை அப்போதே நிறுத்திவிட்டார். போகும்போது, "ஊட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றாய்.

நான் வரவில்லை. உன் கோபம் ஆறட்டும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உனக்குக் கோபமே இல்லை, எனக்குத்தான் வெட்கம். ரம்ஜானும் போனது. உன் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவேன். இரண்டு மாதம் கழித்து, காய்ச்சலில் மூன்றே நாளில் நீ போய்விட்டதாக பஸ்ஸில் ஒருத்தி சொன்னாள். அன்றிலிருந்து ஒரு அலுப்பு, தூங்கி எழுந்தாலும் போவதில்லை.

தட்டு வெளியே வந்துவிட்டது. "ஆறட்டும்மா, கை சுட்டுடும்" என்கிறாள் மகள். நான் ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தானை வைத்து அழுத்துகிறேன். விரல் சுடுகிறது. சுடட்டும்.

ஆறு ஆறாக வைத்தது நான்தான். மன்னித்துவிடடி. இதை அன்றே, சூட்டோடு சூடாக உன் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும்.